மூங்கில் ரோலுக்கு முன்னால் ஒரு பேணித் தண்ணீர்

கனடாவின் ஸ்காபரோவில் இயங்கும் எங்கள் தமிழ் மூத்தோர் சங்கத்தின் நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தலைவர் அவர்களுக்கும், செயலாளர் தங்கச்சிக்கும், பொருளாளர் தம்பிக்கும், சபையில் உள்ள மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

சென்ற கிழமை நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை இரண்டு தரம் வாசித்தேன். மண்டபத்தில் இப்போது போடுகிற பேப்பரை நிறுத்திவிட்டு மூங்கில் ரோல் வாங்கப் போகிறோம், உறுப்பினர்களும் வீட்டுக்குப் பெட்டி பெட்டியாகச் சேர்ந்து எடுத்தால் விலை குறையும், விருப்பமானவர்கள் மாத முடிவுக்குள் பெயர் தரவும் என்று எழுதியிருந்தீர்கள். முதல் தரம் வாசித்தபோது, உண்மையைச் சொன்னால், சாப்பிடுகிற ரோல் என்றுதான் நினைத்தேன். மூங்கில் குருத்து வைத்த புது மரக்கறி ரோலாக்கும் என்று மனிசியிடம் சொன்னேன். "கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கோ" என்றா. போட்டுப் பார்த்தால், கழிப்பறைப் பேப்பர் ரோல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சங்கத்தில் ரொயிலெற் பேப்பரைப் பற்றிக் கதைக்க யாருக்காவது தகுதி இருந்தால் அது எனக்குத்தான். 1989இல் இங்கே வந்து இறங்கிய மூன்றாம் மாதம் நகர மையத்துக் கந்தோர்க் கட்டடங்களில் இரவுத் துப்புரவு வேலை கிடைத்தது. 22 வருசம் செய்தேன். ஒரு தளத்துக்கு இரண்டு கழிப்பறை, ஓர் இரவுக்கு ஒன்பது தளம். ரோலில் ஒரு விரல் தடிப்புக்கு மிச்சம் இருந்தாலும் கழற்றிவிட்டுப் புதுசு போடச் சொல்வார் மேற்பார்வையாளர். காலையில் கந்தோருக்கு வருகிறவர்களுக்குப் பேப்பர் முடிந்துவிடக் கூடாதாம். அந்த மிச்ச ரோல்கள் நேரே குப்பைக்குப் போகும். மனசு கேட்காமல் நாங்கள் நாலைந்து தமிழ்ப் பெடியள் அவற்றைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவோம். முதல் இரண்டு வருசம் கடையில் ஒரு ரோல்கூட நான் வாங்கவில்லை. களவு என்று சொல்கிறவர் சொல்லட்டும், குப்பை வாளிக்குள் இருந்து எடுத்ததுதான்.

அந்தப் பழக்கத்தில்தான் போன செவ்வாய்க்கிழமை, யோகா வகுப்பு முடிந்த கையோடு, மண்டபத்துச் சாமான் அறையின் திறப்பை வாங்கிப் போய்ப் பார்த்தேன். நீங்கள் நிறுத்தப் போகிற பேப்பரின் மட்டைப் பெட்டியில், பக்கவாட்டில், சின்ன எழுத்தில் இருக்கிறது: 100 வீதம் மறுசுழற்சி நார். யாரோ அச்சடித்து, வாசித்து, எறிந்த கடதாசி அது. கொஞ்சம் நரை நிறம், கொஞ்சம் சொரசொரப்பு. அதனால்தான் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்காக ஒரு மரமும் புதிதாக விழவில்லை. சுற்றறிக்கையில் "மரத்தைக் காப்போம்" என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டு, மரம் வெட்டாத பேப்பரை எடுத்து வெளியில் வைக்கப் பார்க்கிறோம்.

பொது இடங்களுக்கு விற்கிற பேப்பரில் மறுசுழற்சி நார் கூடுதலாக இருப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அங்கே வாங்குகிறவர் கட்டட முகாமையாளர். அவர் விலையைத்தான் பார்ப்பார். வீட்டுக்கு வாங்குகிறவர் விரலால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவார். அந்த ஒரு அமுக்கலுக்காகத்தான் காடு போகிறது.

எப்படியென்று சொல்கிறேன். வீட்டு ரோல் பஞ்சு மாதிரி இருக்கவும் வேண்டும், ஈரம் பட்டதும் கையோடு கிழிந்து வராமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டு குணமும் ஒரே மரத்தில் கிடைக்காது. யூக்கலிப்டஸ் போன்ற மரங்களின் நார் குட்டை, சுமார் ஒரு மில்லிமீற்றர். மென்மை அதிலிருந்து வருகிறது. பிரேசிலில் அதைத் தோட்டம் தோட்டமாக வளர்க்கிறார்கள். ஸ்புரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்களின் நார் நீளம், ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர். பலம் அதிலிருந்து வருகிறது. அந்த நீள நாரில் ஒரு பெரிய பங்கு வேறெங்கிருந்தும் இல்லை, நாங்கள் குடியிருக்கிற இந்த ஒன்ராறியோவின் வடக்கும் கியூபெக்கும் உட்பட கனடாவின் குறுக்கே நீண்டு கிடக்கிற போரியல் காடு என்ற குளிர்ப் பிரதேச ஊசியிலைக் காட்டிலிருந்துதான் வருகிறது. அந்தக் குளிரில் மரம் வளர்வது ஆமை வேகம். முதிர 70 வருசம், 100 வருசம் எடுக்கும். சட்டைப்பையில் கிடக்கிற 25 சதக் குற்றியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், கொம்போடு ஒரு மான் தலை இருக்கும். கரிபூ. அதில் காட்டில் வாழும் இனம் முதிர்ந்த காட்டை நம்பித்தான் இருக்கிறது, காடு துண்டு துண்டாகப் போகப் போக அதுவும் குறைந்துகொண்டு வருகிறது. நூறு வருச மரத்தை வெட்டி, அரைத்து, வெளிறவைத்து, ஒரு நிமிசம் பாவித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுகிறோம்.

இது என் புலம்பல் மட்டும் இல்லை. என்.ஆர்.டி.சி. என்ற அமெரிக்கச் சூழல் அமைப்பு 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலக மக்களில் நாலு வீதமான அமெரிக்கர்கள் உலகத்து மென்கடதாசியில் (ரிஷ்யூ பேப்பரில்) ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாவிக்கிறார்கள் என்றும், அதற்குக் கனடாவின் காடு இரையாகிறது என்றும் அதில் எழுதினார்கள். பள்ளிக்கூடத்து றிப்போட் மாதிரி ஒவ்வொரு ரோலுக்கும் புள்ளி போட்டார்கள். பெயர் பெற்ற மெத்து ரோல்கள் பல கடைசி வாங்கில். அடுத்த வருசம் ஒக்ரோபரில், சார்மின் ரோல் செய்கிற புரொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனத்தின் பங்குதாரர்களே, மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு, காட்டழிவைத் தடுக்க என்ன செய்கிறீர்கள் என்று நிர்வாகத்திடம் அறிக்கை கேட்டார்கள். பங்குக்காரரே கேட்கிற அளவுக்கு விஷயம் போயிருக்கிறது. அந்தப் புள்ளிப் பட்டியலில் முதல் வாங்கு மறுசுழற்சிப் பேப்பருக்கு. மூங்கில் அதற்குப் பின்னால்தான்.

மூங்கிலை நான் குறைசொல்ல வரவில்லை. எங்கள் ஊரில் மூங்கில் என்றால் ஏணி, சப்பறம், பிறகு கடைசிப் பயணத்துக்குப் பாடை, அவ்வளவுதான் தெரியும். பேப்பருக்கு அது நல்ல சாமான். அது மரம் இல்லை, புல். தண்டை வெட்டினாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும், திரும்ப முளைக்கும், மூன்றிலிருந்து ஐந்து வருசத்தில் அடுத்த வெட்டுக்கு வந்துவிடும். அதன் நார் யூக்கலிப்டஸைவிட நீளம், ஸ்புரூஸைவிடக் குட்டை. அதனால் மென்மையும் பலமும் ஓரளவுக்கு ஒன்றிலேயே கிடைக்கிறது. சீனர்கள் பல நூற்றாண்டுகளாக மூங்கிலில் கடதாசி செய்கிறார்கள். துடைக்கிற பழக்கத்திலும் அவர்கள்தான் மூத்தவர்கள். ஆறாம் நூற்றாண்டில் யான் சிதுயி என்ற அறிஞர், பெரியவர்களின் பெயரோ அறநூல் வரியோ உள்ள தாளைக் கழிப்பறைக்குப் பாவிக்கத் துணியமாட்டேன் என்று எழுதிவைத்திருக்கிறார். காலில் புத்தகம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற எங்களுக்கு அவர் அடுத்த வீட்டுக்காரர் மாதிரித்தான். இங்கே வந்த புதிதில் என் மாமி பத்து நாள் அந்த ரோலைத் தொடவே இல்லை. வெள்ளைக் கடதாசி, எழுதலாமே என்றா.

ஆக, காட்டு மரத்தில் செய்த மெத்து ரோலா, மூங்கில் ரோலா என்று கேட்டால் நான் மூங்கிலின் பக்கம். ஆனால் அது மூங்கிலாக இருக்க வேண்டுமே!

2024இல் பிரித்தானியாவின் விச் என்ற நுகர்வோர் அமைப்பு, மூங்கில் என்று விற்கிற ஐந்து ரோல்களின் நாரை ஆய்வுகூடத்தில் பார்த்தது. மூன்றில் மூங்கிலைத் தேட வேண்டியிருந்தது. ஒன்றில் 2.7 வீதம், இன்னொன்றில் 4 வீதம், மூன்றாவதில் 26 வீதம். மிச்சமெல்லாம் மரம், யூக்கலிப்டஸும் அக்கேசியாவும். பெட்டியில் பச்சை இலை, உள்ளே பழைய கதை. எனக்கும் இதில் ஒரு சொந்த அனுபவம் உண்டு. பெயர் வேண்டாம். போன வருசம் இணையத்தில் ஒரு பெட்டி மூங்கில் ரோல் எடுத்தேன், பண்டாக் கரடி படம் போட்டது. எந்த நாட்டில் செய்தது, எத்தனை வீதம் மூங்கில் என்று கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: எங்களோடு சேர்ந்து பூமியைக் காப்பதற்கு நன்றி. அதோடு 10 வீதக் கழிவுக் கூப்பன்.

இன்னொன்றும் இருக்கிறது. மூங்கில் ரோல்கள் பெரும்பாலும் சீனாவில் செய்து வருகின்றன. பசிபிக் கடலைத் தாண்டி வருவதுதான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். கப்பல் அவ்வளவு பெரிய பாவி இல்லை, ஆலையை ஓட்டுகிற மின்சாரம்தான் பெரிய கணக்கு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் இதைக் கணக்குப் பார்த்தார்கள். நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் சீன ஆலையில் செய்த மூங்கில் பேப்பரைவிட, அமெரிக்காவில் மரக்கூழில் செய்த பேப்பரே வளிமண்டலத்துக்குக் குறைவாகக் கேடு செய்கிறதாம். மூங்கில் ஒன்றும் பிழை செய்யவில்லை, அடுப்பில் எரிகிறது கரி. ஆனால் காடு என்பது கரிக் கணக்கு மட்டும் இல்லை, கரிபூவின் கணக்கும் உண்டு. அதனால் இந்த ஆய்வை வைத்துக்கொண்டு மெத்து ரோலுக்குத் திரும்பிப் போவோம் என்று நான் சொல்லவில்லை. "சூழலுக்கு 100 வீதம் உகந்தது" என்று சுற்றறிக்கையில் எழுதாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ரோல் இன்ன விலை என்று போட்டிருக்கிறீர்கள். ரோல் என்பது ஓர் அளவே இல்லை, தம்பி. கடையில் 12 ரோல், அது 48 ரோலுக்குச் சமம் என்று எழுதியிருக்கும், எந்த 48 என்று யாருக்கும் தெரியாது. நான் குசினியில் மா நிறுக்கிற சின்னத் தராசை எடுத்தேன். மனிசி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நீங்கள் மாதிரிக்குத் தந்த மூங்கில் ரோல், நடுக்குழலைக் கழித்து, 104 கிராம். எங்கள் வீட்டில் பாவிக்கிற மறுசுழற்சி ரோல் 138 கிராம். பார்வைக்கு இரண்டும் ஒரே பருமன். மூங்கில் ரோலைத் தளர்வாகச் சுற்றி, தாளில் புடைப்புப் போட்டு ஊதவைத்திருக்கிறார்கள். கிராமுக்கு எத்தனை சதம் என்று கணக்குப் பார்த்தபோது உங்கள் மலிவு விலை மலிவாக இல்லை. இரண்டிலும் நாலு நாலு தாளைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுக் கரண்டியால் கலக்கியும் பார்த்தேன். மறுசுழற்சித் தாள் அரை நிமிசத்தில் கஞ்சி. மூங்கில் தாள் துணி மாதிரிக் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டுத்தான் பிரிந்தது. பழைய வீட்டுக் குழாய் உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஈரத்துடைப்பான் போடுகிறவர்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. "கழிப்பறையில் போடலாம்" என்று பைக்கற்றில் எழுதியிருந்தாலும் அதைப் போடாதீர்கள். அடைத்த குழாயைத் தோண்டிய கை இது.

மறுசுழற்சிப் பேப்பரிலும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கடை ரசீதுத் தாளில் உள்ள பி.பி.ஏ. என்ற இரசாயனம் சொற்ப அளவில் அதற்குள் வந்து சேர்கிறது. அதற்குப் பயந்தவர்கள் மூங்கிலை எடுக்கட்டும், தப்பில்லை.

இனித்தான் நான் எழுத வந்த விஷயம். இவ்வளவு பேப்பர் எதற்கு?

எங்களில் முக்கால்வாசிப் பேர் கிணற்றடியில் வளர்ந்தவர்கள். கக்கூசு வளவின் கடைசி மூலையில் இருக்கும். வாளியில் தண்ணீர், அதற்குள் பால்மாப் பேணி. பேணியின் விளிம்பு துருப்பிடித்து ஒரு பக்கம் நெளிந்திருக்கும், அந்த நெளிவுக்குள் தண்ணீர் ஒழுங்காக ஒரு தாரையாக வரும். எந்தப் பொறியியலாளரும் கீறாத வடிவமைப்பு. அந்த அறிவோடு இங்கே வந்து, முதல் வேலையாக அதை ஒளித்துவைத்தோம். எங்கள் முதல் அடுக்குமாடி வீட்டில் பூங்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற பச்சைப் பிளாஸ்ரிக் குடுவை ஒன்று குளியலறையில் இருந்தது. மகன் பள்ளிக்கூடச் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற நாளில் அதைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுவான். வீட்டில் ஒரு பூங்கன்றும் இல்லை, கேட்டால் என்ன சொல்வது என்று அவனுக்குப் பயம்.

2020 மார்ச்சில், கடையெல்லாம் ரோல் இல்லாமல் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தபோது, அதே மகன் பக்கத்து ஊரான ஏஜக்சிலிருந்து போன் எடுத்தான். "அப்பா, பிடே என்று ஒன்று இருக்கு, தண்ணி அடிக்கும், பேப்பர் தேவையில்லை, சூழலுக்கு நல்லது, கேள்விப்பட்டிருக்கிறீங்களா?" என்றான். நான் மறுமொழி சொல்ல முதல் மனிசி போனை வாங்கிவிட்டா. நல்லதுதான்.

அவன்தான் பிறகு எங்கள் வீட்டிலும் பூட்டினான். குளிர்தண்ணீர் மட்டும் வருகிற மலிவுச் சாமானைப் பூட்டி, அந்த மாசி மாதத்தில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். பனிக்காலத்தில் இங்கே குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி. இப்போது கைகழுவுகிற தொட்டியின் சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து இரண்டையும் கலக்க வைத்திருக்கிறோம். ஒரு தரத்துக்கு ஒரு பேணித் தண்ணீர் போதும், பிறகு ஈரம் ஒற்ற இரண்டு தாள். எங்கள் இரண்டு பேருக்கும் முன்பு 12 ரோல் பை ஐந்து கிழமைக்குப் போனது. இப்போது நாலு மாதத்துக்குக் கிடக்கிறது. ரோல் மூங்கிலா மரமா என்ற கேள்வியே பாதிக்கு மேல் கரைந்துபோனது.

வயசுபோன எங்களுக்கு இதில் வேறு நன்மையும் இருக்கிறது, கூட்டத்தில் எழும்பிக் கதைக்க வெட்கப்படுகிற நன்மை. முழங்கால் வாதம், தோள்மூட்டு இறுக்கம், கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது. மூலநோய் உள்ளவருக்குப் பேப்பர் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அரம்தான். மண்டபத்துக்கு வருகிற நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், சாப்பிடாமல் வருகிற இரண்டு அம்மாக்களை எனக்குத் தெரியும். அங்கே கழுவ வசதி இல்லை என்பதுதான் காரணம். ஆண்கள் பக்கத்திலும் கோப்பிக் கடை மட்டைக் குவளை ஒன்று மறைவாக இருக்கிறது, யாருடையது என்று நான் சொல்லமாட்டேன்.

அதனால் என் கோரிக்கை இது. மண்டபத்துப் பேப்பரில் கைவைக்க வேண்டாம், அந்த நரைப் பேப்பரே இருக்கட்டும். மூங்கிலுக்கு ஒதுக்கின காசில் முதலில் இரண்டு கழிப்பறையிலும் சுடுதண்ணீர் கலந்து வருகிற கைத்தெளிப்பான் பூட்டுங்கள், பக்கத்தில் பிடித்து எழும்ப ஒரு கம்பியும் வேண்டும். உரிமம் உள்ள குழாய்காரரைக் கொண்டு செய்யுங்கள். அழுக்குத் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாய்க்குள் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிற வால்வு கட்டாயம் வேண்டும். மகன் பூட்டியது மாதிரி யாராவது பூட்டினால் போதாது. வீட்டுக்குச் சேர்ந்து வாங்குகிற யோசனையை விடவேண்டாம், அது நல்ல யோசனை. ஆனால் பட்டியலில் மறுசுழற்சி வீட்டு ரோலையும் சேருங்கள், அதை எடுக்கிறவர்களும் இருப்பார்கள். மூங்கில் விற்க வருகிறவரிடம் எத்தனை வீதம் மூங்கில், எந்த நாட்டு ஆலை, காட்டைப் பொறுப்பாகப் பராமரித்து எடுத்தது என்று சான்று சொல்கிற எஃப்.எஸ்.சி. முத்திரை எண் என்ன, நார் பரிசோதித்த தாள் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பிளாஸ்ரிக் சுற்று இல்லாமல், வெளிறவைக்காத மண்ணிறத்தில் தந்தால் இன்னும் நல்லது. கூப்பன் அனுப்பினால் அடுத்தவரைப் பாருங்கள்.

பொதுக்கூட்டத்துக்குத் தராசும் மூன்று ரோலும் இரண்டு கண்ணாடிக் குவளையும் கொண்டுவருகிறேன், நிகழ்ச்சி நிரலில் பத்து நிமிசம் தாருங்கள். தேத்தண்ணிக்கு முந்தியே வைத்துவிட்டால் நல்லது. ரோலோடு ரோல் மேசையில் இருந்தால் குழப்பம் வரும்.

சாமான் அறைத் திறப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தங்கச்சி தேட வேண்டாம், வருகிற செவ்வாய்க்கிழமை தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சந்தா நிலுவை இல்லாத ஒரு பழைய உறுப்பினர்